காரைத் தொடாமல் ஒரு நாள்: கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பின் முகாம் திடலும் இலவசப் பேருந்தும்

நெடுந்தொலைவு காரோட்டி, வழியெங்கும் கூடாரம் அடித்துத் தங்கிச் செல்லும் பயணத்தில், சுற்றிப் பார்ப்பதற்கென்று ஒதுக்கிய நாளும் பெரும்பாலும் காருக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. நிறுத்த இடம் தேடுவது, இறங்கிப் படம் எடுப்பது, மீண்டும் ஏறி அடுத்த காட்சிமுனைக்கு விரைவது என்று பொழுது போய்விட, வண்டி ஓட்டியவர் எதையும் நிறைவாகப் பார்க்காமலேயே களைத்துத் திரும்புவார். அமெரிக்கத் தென்மேற்கில் சயான், பிரைஸ் கேன்யன், மான்யுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் என்று வளைய வரும் பயணங்களில் இந்தக் களைப்பு இன்னும் கூடுதலாகவே இருக்கும். அங்கே ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் மணிக்கணக்கில் வெற்றுநிலம் கிடக்கிறது. அந்த வளையத்தில் காரைக் கூடாரத்தின் அருகே நிறுத்திவிட்டு, விடியலிலிருந்து இரவு வரை அதைத் திரும்பிப் பாராமல் ஒரு நாளைக் கழிக்க மிகவும் தோதான இடம், அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு என்பது என் முடிவு. காருக்குப் பதிலாகப் பூங்காவுக்குள் ஓடும் இலவசப் பேருந்து சயானிலும் உண்டுதான். ஆனால் அது ஒரே சாலையில் போய்த் திரும்புவது. இங்கே மூன்று வழித்தடங்கள் ஓர் ஊரையே சுற்றி வருகின்றன. எனவே இந்த மதிப்புரையை அந்தப் பள்ளத்தாக்கின் அழகைப் பற்றி எழுதவில்லை; அதற்குப் படங்கள் ஏராளமாக இருக்கின்றன. மேதர் முகாம் திடல், அங்கிருந்து புறப்படும் இலவசப் பேருந்துகள், அவை கொண்டுவிடும் இடங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு பயணிக்கு எப்படிப்பட்ட நாளைத் தருகின்றன என்பதே இங்கு எடைபோடப்படுகிறது.

முதலில் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1919 பிப்ரவரியில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர் வரை விரிகிறது. ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். வடக்கு விளிம்பு எதிரே கண்ணுக்குத் தெரிந்தாலும் சாலை வழியாக அங்கே போவதற்கு 340 கிலோமீட்டர் அளவில் சுற்ற வேண்டும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது. ஆண்டு முழுதும் திறந்திருப்பதும் பெரும்பாலான பயணிகள் வருவதும் தெற்கு விளிம்புக்குத்தான். தனிக் காருக்கான நுழைவுக் கட்டணம் 35 டாலர். அது ஏழு நாள்களுக்குச் செல்லும். 2026 சனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்கள், பதினாறு வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் என்றால், இந்தப் பூங்கா உட்படப் பதினொரு பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பல பூங்காக்களைத் தொட்டுச் செல்லும் நெடும்பயணத்தில், வெளிநாட்டவருக்கென 250 டாலர் விலையில் தரப்படும் ஆண்டு அனுமதி அட்டை ஆதாயமா என்பதைப் புறப்படும் முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பேருந்துகளுக்கெனத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது.

மேதர் முகாம் திடலுக்கு அமெரிக்கத் தேசியப் பூங்காப் பணித்துறையின் முதல் இயக்குநரான ஸ்டீவன் மேதரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பைன் மரங்களுக்கும் ஜூனிபர் மரங்களுக்கும் இடையே முந்நூறுக்கும் மேற்பட்ட கூடார இடங்கள் பல வளையங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மேசையும் நெருப்பு மூட்டும் வளையமும் கார் நிறுத்தத் தளமும் இருக்கும். மின் இணைப்போ தண்ணீர் இணைப்போ கிடையாது. அவை வேண்டுவோர் பக்கத்திலேயே தனியார் நிர்வாகத்தில் இயங்கும் டிரெய்லர் வில்லேஜுக்குப் போகலாம். முன்பதிவு ஆறு மாதங்களுக்கு முன்பே இணையத்தில் திறக்கிறது. கோடை வார இறுதிகள் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும் என்பதால், நெடும்பயணத்தின் மற்ற இரவுகளை முடிவு செய்வதற்கு முன் இந்த இரவைப் பிடித்துவிட்டு அதைச் சுற்றி மற்றவற்றை அடுக்குவதே புத்திசாலித்தனம். பைன் வளையம் எனப்படும் பகுதியில் ஜெனரேட்டர்களுக்கு அனுமதி இல்லை. கூடாரத்தில் உறங்குவோர் மற்றெந்த வசதியையும் பார்க்காமல் அந்த வளையத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன். காசு போட்டால் வெந்நீர் வரும் குளியலறைகளும் துணி துவைக்கும் இயந்திரங்களும் திடலின் வாயிலருகே இருக்கின்றன. பாலைநிலப் புழுதியில் பல நாள் கிடந்தவர்களுக்குச் சூரிய உதயத்தைவிட அந்தக் குளியலறைதான் முதல் காட்சிப் பொருளாகத் தோன்றினால் அதில் குறை காண்பதற்கில்லை.

திடலைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். இது கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அரிசோனா என்றாலே சுடும் பாலைவனம் என்று நினைத்து மெல்லிய உறக்கப்பையோடு வருவோர், மே மாத இரவிலும் நடுங்கிக்கொண்டு விழித்திருப்பார்கள். சூலையில்கூட இரவு வெப்பம் 12 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். அடுத்தது எல்க் மான்கள். கூடாரங்களுக்கு இடையே மேயும் இந்தப் பெரிய மான்கள் ஆட்களுக்குப் பழகிவிட்டவை போலத் தோன்றினாலும், கன்று ஈனும் பருவத்திலும் இணைசேரும் பருவத்திலும் முரட்டுத்தனம் கொள்பவை; முப்பது மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. உணவுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் அண்டங்காக்கைகளும் அணில்களும் கணக்குத் தீர்த்துவிடும்.

இனிப் பேருந்துகள். வழித்தடங்கள் நிறத்தால் குறிக்கப்படுகின்றன. நீலத் தடம் முகாம் திடல், கடைவீதி, பார்வையாளர் மையம், ரயில் நிலையம், விடுதிகள் ஆகியவற்றைச் சுற்றி வருகிறது. ஆரஞ்சுத் தடம் பார்வையாளர் மையத்திலிருந்து கிழக்கே யாக்கி முனைக்கும் மேற்கே யாவபாய் அருங்காட்சியகத்துக்கும் போகிறது. சிவப்புத் தடம் ஊரின் மேற்கு முனையிலிருந்து ஹெர்மிட் சாலை வழியாக 11 கிலோமீட்டர் தூரம் சென்று திரும்புகிறது. யாக்கி முனைச் சாலையில் ஆண்டு முழுதும், ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரையிலும், தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே பேருந்தைத் தவிர்த்துவிட்டுக் காரிலேயே சுற்றுபவர் தெற்கு விளிம்பின் மிகச் சிறந்த பகுதியைப் பார்க்காமலேயே திரும்புகிறார். பகலில் ஏறக்குறையக் கால் மணி நேரத்துக்கு ஒரு வண்டி வருகிறது; விடியலுக்கு முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் இடைவெளி கூடும். பயணச்சீட்டு, முன்பதிவு, எண் வாங்கிக் காத்திருப்பது என்ற எந்தத் தொல்லையும் இல்லை. நிறுத்தத்தில் நின்றால் வண்டி வரும், ஏறிக்கொள்ளலாம், பிடித்த இடத்தில் இறங்கலாம். மிதிவண்டியை முன்புறத் தாங்கியில் மாட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு.

எங்களோடு வந்த என் மாமியாருக்கு முழங்கால் வலி. படி ஏறி இறங்குவது அவர்களுக்குச் சிரமம். வண்டியின் வாயில் தாழ்ந்து சாய்தளம் விரிந்ததைப் பார்த்த பிறகு, நாங்கள் போகுமிடமெல்லாம் தாமும் வருவதாக அவர்களே முன்வந்து சொன்னார்கள். எல்லாப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலி ஏற வழியிருக்கிறது. அதுவும் போதாத அளவுக்கு நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கு, நுழைவாயிலிலோ பார்வையாளர் மையத்திலோ கேட்டால் ஓர் அனுமதிச் சீட்டு தருகிறார்கள். அதைக் காரின் முகப்பில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அடைக்கப்பட்ட அந்த இரு சாலைகளிலும் தங்கள் காரிலேயே போகலாம். முதியவர்களோடு பயணிப்போர் பலர் இதை அறியாமலேயே திரும்பிவிடுகிறார்கள் என்பதால் குறிப்பாகச் சொல்லி வைக்கிறேன்.

நாளைத் தொடங்க நான் பரிந்துரைப்பது ஆரஞ்சுத் தடம். சூரிய உதயத்துக்கு மேதர் முனையில்தான் எல்லோரும் கூடுகிறார்கள், ஏனெனில் அது பார்வையாளர் மையத்தின் பெரிய வாகன நிறுத்தத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. திடலிலேயே உறங்கி எழுந்தவருக்கு அந்த நெரிசலில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்து யாக்கி முனைக்குப் போனால், கார்கள் வராத அந்த முனையில் கூட்டம் மிகவும் குறைவு. கிழக்கே திறந்து கிடக்கும் பள்ளத்தாக்கில் வெளிச்சம் ஒவ்வொரு மேட்டின் தலையிலும் தனித்தனியாகப் பட்டு இறங்குவதை நிதானமாகப் பார்க்கலாம். உடல்வலு உள்ளவர்கள் பக்கத்து நிறுத்தமான தெற்கு கைபாப் நடைபாதையில் இறங்கி, ஊ ஆ முனை என்ற வேடிக்கைப் பெயர் கொண்ட இடம் வரை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே போய் வரலாம். வழியில் தண்ணீரே கிடையாது. இறங்க ஆகும் நேரத்தைப் போல இருமடங்கை ஏறுவதற்கு ஒதுக்க வேண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. ஒரே நாளில் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றங்கரை வரை இறங்கித் திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் வழியெங்கும் பலகை வைத்திருப்பது வெறும் சடங்கு அன்று. சூலையில் விளிம்பில் பகல் வெப்பம் 29 டிகிரி இருக்கும்போது அடிவாரத்தில் அது 41 டிகிரியாக இருக்கிறது. மலையேற்றத்தில் களைத்தவர் மேலே வர வரக் குளிர்ச்சியை அடைவார், இங்கே களைப்பும் வெப்பமும் பள்ளத்தின் அடியில் சேர்ந்து காத்திருக்கின்றன.

முற்பகலை யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். 1928-இல் கட்டப்பட்ட சிறிய கல்கட்டடம் அது. அருங்காட்சியகம் என்ற பெயரைக் கேட்டு ஒதுங்க வேண்டியதில்லை. பள்ளத்தாக்கை நோக்கிய நீண்ட கண்ணாடிச் சன்னல்களின் கீழே, எதிரே தெரியும் ஒவ்வொரு பாறை அடுக்கும் எது, எவ்வளவு பழையது என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். நடுவில் பள்ளத்தாக்கின் மேடுபள்ளங்களைக் காட்டும் பெரிய மாதிரி ஒன்றும் உண்டு. சன்னலையும் மாதிரியையும் மாறி மாறிப் பார்த்து அரை மணி நேரம் செலவிட்டவருக்கு, அதன் பிறகு நாள் முழுதும் பார்க்கும் எந்தக் காட்சிமுனையும் வெறும் செம்பாறைக் குவியலாகத் தோன்றாது. நீங்கள் நிற்கும் வெளிர்நிறச் சுண்ணாம்புப் பாறை 27 கோடி ஆண்டுகள் பழையது; அடியில் ஆற்றை ஒட்டிய கருநிற விஷ்ணு ஷிஸ்ட் பாறை 170 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. இவ்வளவு பழைய பாறைகளை அறுத்து இந்தப் பள்ளத்தை உண்டாக்கிய கொலராடோ ஆற்றின் வேலை மட்டும், பெரும்பாலான நிலவியலாளர் கணிப்பின்படி, ஐந்து அல்லது ஆறு மில்லியன் ஆண்டுகளுக்குள் நடந்தது. நதி இளையது, பாறை முதியது என்ற இந்த ஏற்றத்தாழ்வு மனத்தில் பதிந்துவிட்டால் விளிம்பில் நிற்பதே வேறோர் அனுபவமாகிவிடும்.

அருங்காட்சியகத்தின் வாசலிலிருந்தே காலத்தின் பாதை எனப்படும் நடைபாதை ஊரை நோக்கி நீள்கிறது. 2010-இல் திறக்கப்பட்ட இதில் ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு பின்னோக்கிப் போனதாகக் கணக்கு. தரையில் வெண்கலக் குறியீடுகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாறை வகையும் உருவான காலம் எங்கே வருகிறதோ அங்கே, பள்ளத்தாக்கின் ஆழத்திலிருந்து கொண்டுவந்த அதே பாறைத் துண்டைத் தொட்டுப் பார்க்கும்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதல் இருநூற்றைம்பது மீட்டருக்கும் மேல் தொட ஒரு பாறையும் வராமல் நடப்பதும், பிறகு படிவுப் பாறைகள் நெருக்கமாக வருவதும், அதன் பின் மீண்டும் நீண்ட வெறுமை வருவதும், எந்த விரிவுரையும் புரியவைக்காத ஒன்றைக் காலுக்குப் புரியவைத்துவிடுகின்றன. இரண்டு கிலோமீட்டர் அளவிலான சமதளப் பாதை. மாமியார் பாதி தூரம் நடந்து, மீதிக்குப் பேருந்தில் வந்து சேர்ந்துகொண்டார்கள். கிராண்ட் கேன்யனில் ஒரே ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால் நான் இந்த நடையைத்தான் சொல்வேன்; மேலிருந்து வட்டமிடும் ஹெலிகாப்டர் பயணங்களைச் சொல்லமாட்டேன்.

நடை முடியும் இடத்தில் ஊர் தொடங்குகிறது. வில்லியம்ஸ் ஊரிலிருந்து 1901-இல் ரயில் வந்த பிறகு எழுந்த குடியிருப்பு இது. இன்றும் பயணிகள் ரயில் முற்பகல் முடியும் வேளையில் வந்து பிற்பகலில் புறப்படுவதால், இடைப்பட்ட மணி நேரங்களில் விடுதிகளின் முகப்பும் உணவகங்களும் நிரம்பி வழியும். கூடாரத்தில் சமைத்துக் கட்டிக்கொண்டு வந்த உணவை விளிம்பை ஒட்டிய இருக்கையில் அமர்ந்து உண்பதே அந்த நேரத்தில் மேலானது. உணவகங்களில் விலைக்கேற்ற சுவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கட்டடங்களில் இரண்டை விடக்கூடாது. ஒன்று, கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் 1905-இல் அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் குடியிருப்பைப் போல வடிவமைத்த ஹோப்பி ஹவுஸ். மற்றொன்று, அவரே 1935-இல் வடிவமைத்த பிரைட் ஏஞ்சல் விடுதியின் ஓர் அறையில் இருக்கும் கணப்பு அடுப்பு. ஆற்றங்கரைக் கற்களை அடித்தளமாக வைத்து, பள்ளத்தாக்கின் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் எடுத்த பாறைகளை அதே வரிசையில் மேல்நோக்கி அடுக்கி, உச்சியில் விளிம்புச் சுண்ணாம்புப் பாறையை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காலையில் யாவபாயில் பாடம் படித்தவர்கள் அந்த அடுப்பின் முன் நின்று அடுக்குகளைப் பெயர் சொல்லி அடையாளம் காணலாம். காசு கொடுக்காமல் கிடைக்கும் தேர்வு அது.

பிற்பகல் முழுவதையும் ஹெர்மிட் சாலைக்கு ஒதுக்க வேண்டும். எங்கும் இறங்காமல் போய்த் திரும்பவே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கி நடந்து பார்த்தால் அரை நாள் போய்விடும். போகும்போது ஒன்பது காட்சிமுனைகளிலும் வண்டி நிற்கிறது. அவற்றில் எல்லாவற்றிலும் இறங்க வேண்டிய அவசியமில்லை. பவல் முனையில், 1869-இல் படகுகளில் இந்த ஆற்றின் வழியே பள்ளத்தாக்கைக் கடந்து சென்ற ஜான் வெஸ்லி பவலின் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதற்கு முன், மரிக்கோப்பா முனையை அடுத்து விளிம்புப் பாதை சற்று உள்வாங்கிப் போவதற்குக் காரணம், 1950-களிலும் 60-களிலும் யுரேனியம் தோண்டிய ஆர்ஃபன் சுரங்கம். உலகப் புகழ்பெற்ற காட்சியின் விளிம்பிலேயே இப்படி ஒன்று நடந்தது என்பதைப் பலர் கவனிக்காமலேயே கடந்துவிடுகிறார்கள். ஹோப்பி முனையிலிருந்தும் மொஹாவி முனையிலிருந்தும் ஆறு தெளிவாகத் தெரிகிறது. காற்று அடங்கியிருந்தால் பீமா முனையில் ஆற்றின் பாய்ச்சல் காதில் விழும். அபிஸ் என்ற முனையில் தரை ஏறக்குறைய 900 மீட்டர் செங்குத்தாக விழுகிறது. பவல் முனைக்கும் மானுமென்ட் கிரீக் முனைக்கும் இடையே விளிம்பை ஒட்டிச் செல்லும் மண்பாதையில் பல இடங்களில் தடுப்புக் கம்பி இல்லை என்பதால் குழந்தைகளோடு வருபவர்கள் அப்பகுதியைப் பேருந்திலேயே கடந்துவிடலாம். அங்கிருந்து கடைசி நிறுத்தம் வரை நான்கரைக் கிலோமீட்டருக்குத் தார் போட்ட அகலப் பாதை தொடங்குகிறது. ஒரு நாள் முழுதும் காரில் உட்கார்ந்து வந்த கால்களுக்கு அது பெரிய ஆறுதல். முடிவில் நிற்கும் ஹெர்மிட்ஸ் ரெஸ்ட், கோல்ட்டர் 1914-இல் கட்டியது. துறவி ஒருவர் தம் கையால் கற்களை அடுக்கியது போலத் தோன்ற வேண்டும் என்று வேண்டுமென்றே கோணலாகவும் புகைபடிந்ததாகவும் அமைத்திருக்கிறார். உள்ளே இருக்கும் கணப்பின் வளைவு, கட்டடத்தைவிடப் பெரிதோ என்று எண்ண வைக்கும்.

இந்தச் சேவையின் பெரிய குறை திரும்பும் வழியில்தான் தெரிகிறது. ஊருக்குத் திரும்பும் வண்டிகள் பீமா, மொஹாவி, பவல் ஆகிய மூன்று முனைகளில் மட்டுமே நிற்கும். சூரிய மறைவுக்கு ஹோப்பி முனையே சிறந்தது என்று எல்லா வழிகாட்டிகளிலும் எழுதியிருப்பதால் கூட்டம் அங்கே குவிகிறது. மறைந்தவுடன் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வண்டி தேடுகிறார்கள். மேற்கு நோக்கிய காட்சி மொஹாவியில் சிறிதும் குறைவில்லை, திரும்பும் வண்டியும் அங்கே நிற்கிறது. கடைசி நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பும் வழியில் மொஹாவியில் இறங்கி, மறைவுக்கு அரை மணி முன்பாகவே இடம் பிடித்துக்கொள்ளலாம். ஹோப்பிதான் வேண்டும் என்பவர்கள், மறைவு முடிந்ததும் அரைக் கிலோமீட்டர் நடந்து பவல் முனைக்கு வந்து ஏறுவது விரைவு. கடைசி வண்டியின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். அன்றைய நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு டார்ச்சு விளக்கும் தடித்த மேலாடையும் இல்லாமல் பிற்பகலில் புறப்பட வேண்டாம், கூடாரத்துக்குத் திரும்பும்போது இருட்டியிருக்கும். இருட்டு இங்கே ஒரு சொத்தாகவே பாதுகாக்கப்படுகிறது: ஊரின் விளக்குகளைப் பெருமளவு மாற்றியமைத்ததால் 2019-இல் இப்பூங்காவுக்குப் பன்னாட்டு இருள்வானப் பூங்கா என்ற தகுதி கிடைத்தது. விடுதி அறைக்குப் போகிறவர்கள் அதைச் சன்னல் வழியாகப் பார்க்க, முகாமில் இருப்பவர்கள் அதன் கீழேயே படுத்திருக்கிறார்கள்.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குக் கிழக்கே 40 கிலோமீட்டர் நீளும் டெசர்ட் வியூ சாலையில் இலவசப் பேருந்து ஓடுவதில்லை. அங்கே கார் தேவை என்பதால், காரைத் தொடாத நாளில் அந்தப் பகுதியைச் சேர்க்கவே கூடாது. பேருந்துகளில் வளர்ப்பு நாய்களுக்கு அனுமதி இல்லை. நாயோடு பயணிப்பவர்களுக்கு நான் மேலே விவரித்த நாள் பொருந்தாது, அவர்கள் விளிம்புப் பாதையில் கயிற்றில் கட்டி நடத்திச் செல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தண்ணீரும் ஒரு கேள்விக்குறிதான். வடக்கு விளிம்பின் கீழுள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து பள்ளத்தாக்கைக் குறுக்கே கடந்து தெற்கு விளிம்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் 1960-களில் பதிக்கப்பட்டது; 2010 முதல் 85 முறைக்கும் மேல் பெரிய உடைப்புகள் ஏற்பட்டிருக்கின்றன. 2024 ஆகஸ்ட் இறுதியில் ஏற்பட்ட உடைப்புகளால் விடுதிகளில் இரவு தங்குவதையே சில நாள்கள் நிறுத்தி வைத்தார்கள். குழாயை மாற்றும் பெரும்பணி நடந்துவருகிறது. அது முடியும்வரை, காரில் இரண்டு பெரிய தண்ணீர்க் கேன்களை நிரப்பி வைத்துக்கொண்டு வருவது முகாம் பயணிக்கு எளிய பாதுகாப்பு. சூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை வருவதும் வழக்கம். மின்னல் வெட்டும்போது திறந்த விளிம்பில் நிற்கக்கூடாது என்பதால், அம்மாதங்களில் ஹெர்மிட் சாலையை முற்பகலுக்கும் அருங்காட்சியகத்தைப் பிற்பகலுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் கணக்கில் எடுத்தாலும், முகாமும் பேருந்தும் சேர்ந்த இந்த ஏற்பாட்டுக்கு ஐந்தில் நாலரை நட்சத்திரம் தருவேன். அரை நட்சத்திரத்தைக் குறைப்பது திரும்பும் வண்டியின் அந்த மூன்றே நிறுத்தங்களுக்காக. லாஸ் வேகஸிலிருந்து காலையில் கிளம்பி, பிற்பகலில் இரண்டு முனைகளைப் பார்த்து, இரவே திரும்பும் ஒருநாள் சுற்றுலாக்களோடு இதை ஒப்பிடுவதற்கில்லை. அவர்கள் வந்து நிற்கும் உச்சி வெயிலில் நிழல்கள் எல்லாம் அழிந்து பள்ளத்தாக்கு தட்டையாகத் தெரிகிற நேரத்தில், முகாம் பயணி சன்னலோரத்தில் பாறைகளின் வயதைப் படித்துக்கொண்டிருப்பார்.

டெசர்ட் வியூ சாலையை எப்போது பார்ப்பது என்றால், வரும் நாளிலோ போகும் நாளிலோ, எப்படியும் காரோட்டத்தான் வேண்டும் என்ற வேளையில். மான்யுமென்ட் வேலியிலிருந்தோ பேஜ் ஊரிலிருந்தோ வருவோர் கேமரன் வழியாகக் கிழக்கு வாயிலில் நுழைந்தால், கோல்ட்டர் 1932-இல் கட்டிய 21 மீட்டர் உயரக் காவற்கோபுரம் முதலில் வரும். உள்ளே ஹோப்பி ஓவியர் ஃபிரெட் கபோட்டி தீட்டிய சுவரோவியங்களுக்காகவே நிற்கலாம். லிப்பன் முனையில் ஆறு வளைந்து போவது தெற்கு விளிம்பின் வேறெந்த இடத்தையும்விட நன்றாகத் தெரியும், கூட்டமும் குறைவு. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் மக்கள் வாழ்ந்த டுசாயன் குடியிருப்பின் கல்சுவர்களும் இதே சாலையில்தான் இருக்கின்றன. ஒரு செய்தி: ஊருக்குள் பெட்ரோல் பங்க் இல்லை, தெற்கு வாயிலுக்கு வெளியே டுசாயன் ஊரிலும் இங்கே டெசர்ட் வியூவிலும்தான் நிரப்ப முடியும். கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் அரிசோனா மாநிலம் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை, ஆனால் கேமரனை உள்ளடக்கிய நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறது. கைப்பேசி எல்லையைத் தாண்டும்போது தானாகவே மாறிக்கொள்ளும் என்பதால், அடுத்த முகாமின் வாயில் எத்தனை மணிக்கு அடைக்கப்படும் என்பதை எந்த ஊர் நேரத்தில் குறித்தோம் என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.